வாபஸ் வாங்கினால் தியாகியா?

2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர் தொகுதி வெறும் 137 ஓட்டில் கை மாறியது. தி.மு.க.வின் ஜெ. கருணாநிதி ஜெயித்தார். அ.தி.மு.க.வின் பி. சத்தியநாராயணன் தோற்றார். அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே மிகக் குறைந்த வித்தியாசம் அதுதான். 137 என்றால் எவ்வளவு? தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் ஏதாவது ஒரு ஜவுளிக்கடையின் ஏதாவது ஒரு மாடியில் பில் போட நிற்கும் கூட்டம் அதைவிட அதிகம்.

இப்படி ஒரு முடிவு வந்துவிட்டால் போதும், டீக்கடையில் ஆரம்பித்து டிவி விவாதம் வரை ஒரே பல்லவிதான். "ஓட்டு பிரிஞ்சிடுச்சு சார். யாராவது ஒருத்தர் விட்டுக் கொடுத்திருந்தா கதையே வேற!"

இந்தப் பல்லவியிலிருந்துதான் நம் ஊர் அரசியலின் ஒரு விசேஷப் பிறவி அவதாரம் எடுக்கிறது. தியாகி வேட்பாளர். அறிவிப்பு வரும், மாலை விழும், மனுத் தாக்கல் நடக்கும், பேட்டி நடக்கும். நாலே நாளில் "பொது எதிரியை வீழ்த்துவதற்காக" வாபஸ். மறுநாள் பேப்பரில் "பெருந்தன்மை" என்று ஒரு தலைப்பு. அவரை நம்பி ஓட்டுப் போட நினைத்தவனைப் பற்றி மட்டும் எந்தப் பேப்பரிலும் ஒரு வரி வராது.

ஓட்டு எண்ணுவதற்கு முன்னால், காரணத்தையும் கணக்கையும் சொல்லாமல் விலகுகிறவர் எதையும் தியாகம் செய்யவில்லை. கடையே திறக்காதவர் குட்வில்லை விற்கிறார், அவ்வளவுதான். பி.காம். முதல் வருஷப் பாடத்திலேயே இருக்கிறது, வியாபாரம் நடந்தால்தான் குட்வில். நடக்காத வியாபாரத்துக்கு என்ன மதிப்பு போடுவது?

ஆறு நாள் வேட்பாளர்

சமீப வருடங்களில் இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஈரோடு போதும்.

2023 ஜனவரி 4-ஆம் தேதி ஈரோடு கிழக்கு எம்.எல்.ஏ. திருமகன் ஈவெரா காலமானார். இடைத்தேர்தல் வந்தது. காங்கிரஸ் சார்பில் அவருடைய அப்பா ஈ.வி.கே.எஸ். இளங்கோவன் நின்றார். எதிர்ப்பக்கம்தான் வேடிக்கை. 2022 ஜூலை 11 பொதுக்குழுவில் ஓ. பன்னீர்செல்வத்தை நீக்கி, எடப்பாடி பழனிசாமி கட்சியைக் கையில் எடுத்திருந்தார். பொதுக்குழு செல்லுமா செல்லாதா என்று வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. ஒரே கட்சி, ஒரே சின்னம், இரண்டு தலைமை.

பிப்ரவரி 1-ஆம் தேதி எடப்பாடி தரப்பு கே.எஸ். தென்னரசுவை அறிவித்தது. அதே நாளில் பன்னீர்செல்வம் தரப்பு செந்தில் முருகனை அறிவித்தது. அறிவிக்கும்போதே கூடவே ஒரு வாசகம்: பா.ஜ.க. வேட்பாளரை நிறுத்தினால் நாங்கள் விலகிக்கொள்வோம்! கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போதே "வேறு நல்ல வரன் வந்தால் மாப்பிள்ளை மாறலாம்" என்று சொல்வது மாதிரி.

பிப்ரவரி 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. வேட்பாளர் யார் என்பதைப் பொதுக்குழு உறுப்பினர்களிடம் கேட்டு முடிவு செய்யச் சொன்னது. அப்போது பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை இரண்டு தரப்பையும் போய்ப் பார்த்தார். தி.மு.க. கூட்டணியை எதிர்க்க வலுவான ஒரே வேட்பாளர் வேண்டும் என்பது அவர் கட்சியின் நிலை. பொதுக்குழுவில் யாருக்குப் பெரும்பான்மை என்பது ஊருக்கே தெரியும். பிப்ரவரி 6-ஆம் தேதி பன்னீர்செல்வம் தரப்பு அறிவித்தது: செந்தில் முருகன் வாபஸ். இரட்டை இலைக்கு ஆதரவு. சின்னம் முடங்கிவிடக் கூடாது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

அறிவிப்பிலிருந்து வாபஸ் வரை ஆறு நாள். கல்லூரியில் இன்டர்னல் எழுதி மார்க் வருவதற்குக்கூட இதைவிட அதிக நாள் ஆகும்.

அதே வாரம் டி.டி.வி. தினகரனின் அ.ம.மு.க.வும் தன் வேட்பாளரை விலக்கியது. ஆனால் அவர்கள் தியாகம் என்று ஒரு பில்டப்பும் கொடுக்கவில்லை. குக்கர் சின்னம் கிடைக்கவில்லை, அதனால் நிற்கவில்லை என்றார்கள். முடிவு சரியா தப்பா என்பது வேறு விஷயம். காரணம் என்ன என்பது ஓட்டுப் போடுகிறவனுக்குத் தெரிந்தது. அந்தக் குறைந்தபட்ச மரியாதையாவது இருந்தது.

இப்போது அந்த ஆதரவு வாசகத்தை மறுபடி படித்துப் பாருங்கள். இரட்டை இலைக்கு ஆதரவு. ஒரு மனிதர் தேர்தலிலிருந்து விலகி இன்னொருவரை ஆதரித்தால், "என்னைவிட இவர் மேல், அதற்கு இந்தக் காரணம்" என்று சொல்ல வேண்டும். அல்லது "எனக்கும் இவருக்கும் இந்த இந்த விஷயத்தில் ஒத்த கருத்து" என்று சொல்ல வேண்டும். இங்கே தென்னரசு ஏன் நல்ல எம்.எல்.ஏ.வாக இருப்பார் என்று ஒரு வாக்கியம் உண்டா? ஈரோட்டின் சாயக்கழிவுக்கு, விசைத்தறிக்கு, ஜவுளிச் சந்தைக்கு இவர் என்ன செய்வார் என்று ஒரு பேச்சு உண்டா? ஆதரவு மனிதருக்கு இல்லை, கொள்கைக்கும் இல்லை. ஒரு படத்துக்கு.

பிப்ரவரி 23-ஆம் தேதி, ஓட்டுப்பதிவுக்கு நாலு நாள் முன்னால், உச்ச நீதிமன்றம் 2022 ஜூலை பொதுக்குழு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. விட்டுக் கொடுத்தவர்களுக்கு விட்டுக் கொடுத்ததன் பலன் பதினேழு நாளில் கிடைத்துவிட்டது!

ஓட்டு ஒன்றும் பேரர் செக் இல்லை

இந்தத் தியாகங்களுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு ரொம்ப எளிமையானது. ஏ-க்கு இவ்வளவு ஓட்டு, பி-க்கு இவ்வளவு ஓட்டு, ஏ விலகினால் பி-க்கு இரண்டும் சேரும். கூட்டல் கணக்கு.

இந்தக் கணக்கில் ஓட்டு ஒரு பேரர் செக். கையில் வைத்திருப்பவர் யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுக்கலாம். ஆனால் ஓட்டு என்பது மூலையில் இரண்டு கோடு கிழித்து "அக்கவுண்ட் பேயீ" என்று எழுதிய செக். பெயர் போட்டவர் கணக்கில் மட்டும்தான் விழும். அவர் கடையை மூடிவிட்டால் செக் பக்கத்துக் கடைக்காரர் கணக்கில் விழாது. எழுதினவனிடமே திரும்பி வரும். அவன் வேறு பெயர் எழுதுவான், அல்லது கிழித்துப் போடுவான், அல்லது வீட்டில் உட்கார்ந்து டிவி பார்ப்பான்.

ஈரோடு கிழக்கின் எண்கள் இதோ. 2021-ல் அந்தத் தொகுதியில் அ.தி.மு.க. கூட்டணி சார்பில் த.மா.கா.வின் யுவராஜா நின்றார். 58,396 ஓட்டு வாங்கி 8,904 ஓட்டில் தோற்றார். 2023-ல் இவ்வளவு விட்டுக்கொடுத்தல், இவ்வளவு ஒற்றுமை, பா.ஜ.க. ஆதரவு எல்லாம் சேர்ந்து தென்னரசு வாங்கியது 43,923. சேர்ந்த ஓட்டு எவ்வளவு என்று பார்த்தால், குறைந்த ஓட்டு 14,473! இளங்கோவன் 1,10,156 வாங்கி 66 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார்.

உடனே பதில் வரும். இடைத்தேர்தல் என்றால் ஆளுங்கட்சி பலம், அமைச்சர்கள் படை, பணம். இருக்கட்டும். அதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் என்ன நிரூபணம் ஆகிறது? வாபஸ் என்ற மருந்து அந்த நோய்க்கு மருந்தே இல்லை என்பதுதான். இத்தனைக்கும் மெஷினில் 77 வேட்பாளர்களின் பெயர் இருந்தது. ஓட்டு பிரியக் கூடாது என்று ஒருவரை விலக்கிய பிறகும் 77 பேர்.

இந்தக் கூட்டல் கணக்கு தப்பிப்போவது நம் ஊரில் மட்டும் இல்லை. 2009-ல் நியூயார்க் மாநிலத்தின் 23-ஆவது நாடாளுமன்றத் தொகுதியில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. பல தலைமுறைகளாகக் குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த பகுதி அது. அந்தக் கட்சியின் வேட்பாளர் டீடி ஸ்கோசஃபாவா. "இவர் போதுமான அளவு பழமைவாதி இல்லை" என்று கட்சிக்குள்ளேயே பெரிய தலைகள் கன்சர்வேட்டிவ் கட்சி வேட்பாளர் டக் ஹாஃப்மன் பக்கம் போனார்கள். நெருக்கடி தாங்காமல் ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் முன்னால் ஸ்கோசஃபாவா விலகினார். வலதுசாரி ஓட்டு மொத்தமும் ஹாஃப்மனுக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். ஸ்கோசஃபாவா மறுநாளே ஜனநாயகக் கட்சியின் பில் ஓவன்ஸை ஆதரித்தார்! வாக்குச்சீட்டில் அவர் பெயர் அப்படியே இருந்ததால், விலகிய பிறகும் அவருக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. கோட்டை சரிந்து ஓவன்ஸ் ஜெயித்தார். வேட்பாளரைத் துரத்தலாம். அவருக்கு ஓட்டுப் போட நினைத்தவனை எங்கே துரத்துவது?

ஹபிபுல்லா சாலையிலிருந்து ஆற்காடு தெருவுக்கு

மறுபடி தி.நகருக்கே வருவோம். விலகல் நாடகத்தின் இன்னொரு வகை இங்கேயே நடந்தது.

2021 பிப்ரவரியில் பெங்களூரு சிறைவாசம் முடித்து வந்த வி.கே. சசிகலா தங்கியது தி.நகர் ஹபிபுல்லா சாலையில். வழியெல்லாம் வரவேற்பு, மாலை, வாண வேடிக்கை. அவ்வளவு ஆரவாரத்துக்குப் பிறகு மார்ச் 3-ஆம் தேதி ஓர் அறிக்கை வந்தது. அரசியலிலிருந்து ஒதுங்கியிருக்கிறேன், ஜெயலலிதாவின் தொண்டர்கள் ஒற்றுமையாக இருந்து பொது எதிரியான தி.மு.க.வை ஆட்சிக்கு வரவிடாமல் செய்ய வேண்டும் என்பது சாரம். அடடா, என்ன தியாகம் என்று உருகியவர்கள் உண்டு.

உருகியவர்கள் ஒரு விஷயத்தை வசதியாக மறந்துவிட்டார்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஆறு வருஷத்துக்குத் தேர்தலில் நிற்க முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8-ஆவது பிரிவு சொல்கிறது. ஓடவே அனுமதி இல்லாத பந்தயத்திலிருந்து விலகுவதற்குப் பெயர் தியாகமா?

சரி, அறிக்கைக்காவது பலன் இருந்ததா? அ.ம.மு.க. தே.மு.தி.க.வோடு கூட்டணி வைத்துத் தனியாகத்தான் நின்றது. ஒற்றுமை வரவில்லை. தி.நகரில் 137 ஓட்டில் அ.தி.மு.க. தோற்றது. மே மாதம் முடிவதற்குள்ளேயே "கட்சியைச் சரிசெய்ய வருகிறேன்" என்கிற மாதிரி ஆடியோக்கள் வெளியாக ஆரம்பித்தன. அக்டோபர் 17, அ.தி.மு.க. பொன்விழா நாளில், தி.நகர் ஆற்காடு தெருவில் இருக்கும் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் ஒரு கல்வெட்டு திறக்கப்பட்டது. அதில் சசிகலா பெயருக்குப் பக்கத்தில் "கழகப் பொதுச்செயலாளர்" என்று இருந்தது.

மார்ச் 3 முதல் அக்டோபர் 17 வரை எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஹபிபுல்லா சாலையில் ஒதுங்கியவர் அதே தி.நகரில் ஆற்காடு தெருவில் திரும்பி வந்துவிட்டார். அரசியலுக்கு வருவது அவருடைய உரிமை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒதுங்குகிறேன் என்ற சொல்லை நம்பி முடிவெடுத்த தொண்டன் எந்தக் கவுன்டரில் போய் ரீஃபண்ட் கேட்பான்?

பலாப்பழக் கேள்வி

ஈரோட்டுத் தியாகத்துக்கும் இதே கதிதான். 2023 பிப்ரவரியில் சொல்லப்பட்ட கொள்கை: இரட்டை இலை முடங்கக் கூடாது, அதற்காக விட்டுக் கொடுக்கிறோம். நல்லது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அதே பன்னீர்செல்வம் ராமநாதபுரத்தில் பா.ஜ.க. கூட்டணி ஆதரவோடு சுயேச்சையாக, பலாப்பழம் சின்னத்தில் நின்றார். எதிரே இரட்டை இலையில் அ.தி.மு.க.வின் ஜெயபெருமாள். பன்னீர்செல்வம் 3,42,882 ஓட்டு வாங்கி இரண்டாம் இடம். இரட்டை இலை மூன்றாம் இடம். ஜெயித்தது தி.மு.க. கூட்டணியின் முஸ்லிம் லீக் வேட்பாளர் நவாஸ் கனி, 1,66,782 ஓட்டு வித்தியாசத்தில்.

கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் என்ன செய்வார், சின்னத்தைத் தொடக்கூடாது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் நின்றதில் தப்பே இல்லை. சொல்லப்போனால் 2024-ல் அவர் செய்ததுதான் நேர்மையான வேலை. நின்றார், தன் பலம் என்ன என்று மக்களிடம் கேட்டார், மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பதில் வாங்கினார். இரட்டை இலையைவிடத் தனக்கு அங்கே செல்வாக்கு அதிகம் என்று காட்டினார்.

அப்படியானால் 2023-ல் ஏன் கேட்கவில்லை? ஈரோட்டில் செந்தில் முருகன் நின்றிருந்தால் ஆயிரம் ஓட்டோ பத்தாயிரம் ஓட்டோ ஒரு பதில் கிடைத்திருக்கும். அந்தப் பதில் ஆறு நாளில் அழிக்கப்பட்டது. நின்றால் பலம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். விலகினால் "நான் மட்டும் நின்றிருந்தால்..." என்று காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம். வாபஸில் காப்பாற்றப்படுவது பெரும்பாலும் சின்னம் இல்லை, பிம்பம்.

ஆடிட்டருக்கு ஒரு நியாயம், வேட்பாளருக்கு ஒரு நியாயமா?

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

மனுப் பரிசீலனை முடிந்து இரண்டாவது நாள் பிற்பகல் 3 மணி வரை வேட்பாளர் வாபஸ் வாங்கலாம். அதற்கு ஃபாரம் 5 என்று ஒரு தாள். "நான் விலகுகிறேன்" என்று கையெழுத்துப் போட்டால் முடிந்தது. காரணம் எழுத ஒரு வரிகூட இடம் இல்லை. டெபாசிட் பணம் (சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி) பத்திரமாகத் திரும்பி வரும்.

உள்ளே வரும்போது மட்டும் என்னென்ன கேட்கிறார்கள் தெரியுமா? ஃபாரம் 26 பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், மனைவியின் நகை, படிப்பு, நிலுவையில் உள்ள கிரிமினல் வழக்கு எல்லாவற்றையும் எழுத வேண்டும். வாசலில் முழுச் சோதனை, கொல்லைப்புறக் கதவு அகலத் திறந்திருக்கிறது.

கம்பெனிச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இன்னும் காமெடி. ஒரு கம்பெனியின் ஆடிட்டர் பாதியில் ராஜினாமா செய்தால் சும்மா போய்விட முடியாது. 2013 கம்பெனிச் சட்டம் பிரிவு 140(2) படி, ஏன் போகிறேன் என்ற காரணத்தை எழுதி, 30 நாளுக்குள் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஏன்? அவரை நம்பிப் பணம் போட்ட பங்குதாரர்களுக்கு அது தெரிய வேண்டும் என்பதற்காக. நூறு பங்கு வைத்திருக்கும் ஒருவருக்கு ஆடிட்டர் ஏன் விலகினார் என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்கும் தொகுதிக்கு வேட்பாளர் ஏன் விலகினார் என்று தெரிந்துகொள்ள உரிமை இல்லை!

விலகலுக்கு விலை உண்டு என்பது சட்டத்துக்குத் தெரியாமலும் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(1) படி, வேட்புமனுவை வாபஸ் வாங்கச் சொல்லி ஒருவருக்குப் பணமோ பரிசோ கொடுப்பதும், தருவதாகச் சொல்வதும் லஞ்சம். வாங்கிக்கொள்வதும் லஞ்சம். ஆனால் "அடுத்த தேர்தலில் உங்களுக்கு இத்தனை சீட்", "கட்சியில் பழையபடி பதவி" என்று மூடின அறையில் பேசப்படுவதை எப்படிப் பிடிப்பது? நடந்தது என்று நிரூபிக்கவும் முடியாது. நடக்கவில்லை என்று நம்பவும் முடியாது. அதனால்தான் வாயைத் திறந்து சொல்ல வைக்க வேண்டும் என்பது. விலகுகிறவர் ஒரே ஒரு பக்கம் எழுதட்டும். ஏன் விலகுகிறேன், யாரோடு பேசினேன், எனக்கு என்ன உறுதி தரப்பட்டது, ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. கீழே கையெழுத்து. பொய் எழுதினால் பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னதற்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. உண்மையான தியாகிக்கு இதில் என்ன நஷ்டம்? அவருடைய தியாகத்துக்கு அரசாங்க முத்திரையோடு சர்டிபிகேட் அல்லவா கிடைக்கும்?

அப்போ விட்டுக் கொடுப்பதே தப்பா?

இல்லை. இங்கேதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைப் பார்க்க வேண்டும். அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்ற நம் முறையில் ஓட்டு பிரிந்தால் நஷ்டம் நிஜம். அதற்கு அ.தி.மு.க. சரித்திரமே சாட்சி. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு கட்சி இரண்டானது. இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரி தேர்தலில் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும், வி.என். ஜானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் நின்றன. தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. ஜெயலலிதா அணி 27 இடம். ஜானகி ஆண்டிபட்டியில் தானே தோற்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஜானகி ஒதுங்கினார். அணிகள் இணைந்தன. இரட்டை இலை திரும்பி வந்தது. தள்ளிவைக்கப்பட்டிருந்த மருங்காபுரி, மதுரை கிழக்கு தொகுதிகளில் அந்த வருடம் மார்ச்சில் தேர்தல் நடந்தபோது ஒன்றுபட்ட கட்சி இரண்டையும் ஜெயித்தது. "பார்த்தீர்களா, விட்டுக் கொடுத்தால் வெற்றி!" என்று இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்.

ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஜானகி நின்றார். மக்கள் தீர்ப்புச் சொன்னார்கள். எம்.ஜி.ஆரின் வாரிசு யார் என்று ஓட்டுப் பெட்டி சொன்ன பிறகு, அந்தத் தீர்ப்புக்குத் தலைவணங்கி அவர் விலகினார். விலகினவர் 1996-ல் இறக்கும் வரை விலகியே இருந்தார். எட்டாவது மாதம் கல்வெட்டு திறக்கவில்லை, அடுத்த தேர்தலில் வேறு சின்னத்தில் வரவில்லை. எம்.ஜி.ஆரின் மனைவி, சில வாரங்கள் முதலமைச்சராகவும் இருந்தவர். உரிமை கொண்டாட அவரைவிட அதிகக் காரணம் யாருக்கு இருந்தது?

2024 பிரான்சிலும் இதே வரிசைதான். ஜூன் 30 முதல் சுற்றில் எல்லோரும் நின்றார்கள், மக்கள் அவரவர் விருப்பப்படி ஓட்டுப் போட்டார்கள். யாருக்கு எவ்வளவு பலம் என்று தெரிந்த பிறகு, மரீன் லெ பென்னின் கட்சியைத் தடுப்பதற்காக 200-க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் இரண்டாம் சுற்றிலிருந்து விலகினார்கள். யாரைத் தடுக்க விலகுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லியே விலகினார்கள். அதில் உடன்பாடு இல்லாதவர்களும் உண்டு. ஆனால் வாக்காளரிடம் முதலில் கேட்டுவிட்டு, பிறகுதான் பேரம்.

நமக்கு இரண்டாம் சுற்று கிடையாது. அதனால் தேர்தலுக்கு முன்னால் விலகவே கூடாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்காத பலத்தை வைத்து விலகுகிறவருக்குப் பொறுப்பு இரண்டு மடங்கு. காரணத்தைச் சொல்ல வேண்டும், பெற்றதைச் சொல்ல வேண்டும், சொன்ன வார்த்தையில் நிற்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது விட்டுக்கொடுத்தல் இல்லை, வியாபாரம். வியாபாரம் கேவலம் என்று காமர்ஸ் படிக்கிற யாரும் சொல்ல மாட்டார்கள். பில் இல்லாத வியாபாரம்தான் கேவலம்.

ஊருக்குப் பெயர் கொடுத்தவர் செய்தது

தியாகராய நகர் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால், சங்கீத மும்மூர்த்தி தியாகராஜர் என்று சொல்கிறவர்களும் உண்டு. இல்லை. நீதிக்கட்சியின் தலைவர் சர் பிட்டி தியாகராய செட்டியின் பெயர் அது.

1920-ல் மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தப்படி சென்னை மாகாணத்துக்கு முதல் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் புறக்கணித்தது. ஓட்டுரிமையும் சொத்து உள்ள கொஞ்சம் பேருக்குத்தான். அந்தக் குறைகளோடு, தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் நீதிக்கட்சி 63-ஐப் பிடித்தது. ஆளுநர் வெலிங்டன் தியாகராய செட்டியை முதல் அமைச்சர் பதவிக்கு அழைத்தார். அவர் மறுத்துவிட்டு, தன் கட்சிக்காரரான கடலூர் ஏ. சுப்பராயலு ரெட்டியாருக்கு வழிவிட்டார். சில மாதங்களில் உடல்நலக் குறைவால் ரெட்டியார் விலக, பனகல் அரசர் முதல் அமைச்சரானார். அப்போதும் செட்டியார் "இப்போது என் முறை" என்று வரவில்லை. 1925-ல் இறக்கும் வரை அந்த நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை.

ஜமீன்தார்களும் வணிகர்களும் நடத்திய கட்சி அது. அதன் அரசியலில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் அந்த மனிதர் விட்டுக் கொடுத்தபோது ஜெயித்த பிறகு விட்டுக் கொடுத்தார். கையில் இருந்ததைக் கொடுத்தார். கொடுத்ததைத் திரும்பக் கேட்கவில்லை.

அவர் பெயரில் நகர், அவர் வழிவிட்ட கட்சிக்காரர் பனகல் அரசர் பெயரில் நடுவில் ஒரு பூங்கா. தினமும் லட்சம் பேர் பையைத் தூக்கிக்கொண்டு கடந்து போகிறார்கள். அடுத்த தேர்தலிலும் யாராவது ஒருவர் மனுப் போட்டு, மாலை வாங்கி, மூன்று மணிக்குள் வாபஸ் வாங்கி, தியாகி என்று போஸ்டர் ஒட்டுவார். போஸ்டரைப் பார்த்ததும் உருகாமல் மூன்றே கேள்வி கேளுங்கள். ஏன் விலகினீர்கள்? என்ன வாங்கினீர்கள்? எத்தனை மாதத்துக்கு?

பதில் வராது. பதில் வராததும் ஒரு பதில்தான்.